மோரிப் கடலில் இடுப்பளவு தண்ணீர் யாருக்குச் சொந்தம்?

போன ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் சிலாங்கூர்க் கடற்கரையான மோரிப்பில் நடந்ததை எழுதிவிட்டு, "யார் மேல் தப்பு? சட்டம் என்ன சொல்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்டது இது. கடல் வற்றியிருந்த நேரத்தில் பத்து வயது மகனோடு மணல்திட்டு வரை நடந்தே போயிருக்கிறீர்கள். ஏற்றம் தொடங்கியபிறகும் இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டில் வீசிக்கொண்டிருந்தீர்கள். அப்போது ஒரு ஃபைபர் போட் உங்களுக்கும் கரைக்கும் நடுவே புகுந்து ஓடியது. அந்த அலையில் பையன் விழுந்து தண்ணீர் குடித்துவிட்டான். நீங்கள் கத்த, போட்காரர் திரும்பிப் பார்த்து, "இது போட் போகிற வழி, நிற்க வேறு இடமே இல்லையா?" என்று பதிலுக்குக் கத்தினார். பிளாஸ்டிக் பை கட்டிய இரண்டு கம்புகளைத் தவிர அங்கே எந்த அறிவிப்பும் இல்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கம்புகளுக்குப் பிறகு வருகிறேன். சட்டம் என்று கேட்டாலும், உங்கள் மனதில் இருப்பது "முதலில் வந்து நின்றவன் நான், அப்படியிருக்க அந்த இடம் எனக்கில்லாமல் யாருக்கு?" என்ற ஆத்திரம்தான் என்று எனக்குப் படுகிறது. நியாயமான ஆத்திரம். அதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

பந்திங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆலையில் பிட்டராக இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு போட் இஞ்சின் பழுது பார்க்கிறேன். ஞாயிறு விடிந்தால் மோட்டார் சைக்கிளில் தூண்டிலைக் கட்டிக்கொண்டு இருபது நிமிடத்தில் மோரிப்பில் இருப்பேன். தண்ணீரில் நின்றும் பிடித்திருக்கிறேன், சம்பான் ஓட்டிப் போயும் பிடித்திருக்கிறேன். அதனால் இரண்டு தரப்பிடமும் திட்டு வாங்கிய அனுபவம் உண்டு. வக்கீல் இல்லை. வழக்குப் போடலாமா, இழப்பீடு கிடைக்குமா என்பதற்கெல்லாம் என் பேச்சை நம்பி இறங்காதீர்கள்.

சட்டத்தில் திண்ணமாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கடலில் மோதலைத் தவிர்க்க 1972-இல் வகுத்த அனைத்துலக விதிகள் இருக்கின்றன. அதில் 18-ஆம் விதி, மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்கு இஞ்சின் படகு வழிவிட வேண்டும் என்கிறது. தூண்டில்காரர்கள் பலர் இதைக் கேள்விப்பட்டு, "பார், நமக்குத்தான் முன்னுரிமை" என்பார்கள். அது சரியில்லை. அங்கே மீன்பிடிப் படகு என்றால் வலையோ நீளக் கயிற்றுத் தூண்டிலோ போட்டு, அதனால் இஷ்டப்படி திரும்ப முடியாமல் இருக்கும் படகு. தூண்டிலை இழுத்துக்கொண்டே ஓடும் படகுகூட அந்தக் கணக்கில் வராது. தண்ணீரில் நிற்கிற மனிதரோ படகே இல்லை. ஆக, உங்களுக்கு வழிவிடு என்று தனியாக ஒரு வரி அதில் கிடையாது. ஆனால் 5-ஆம் விதி எந்த நேரமும் கண்ணும் காதும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. 6-ஆம் விதி பாதுகாப்பான வேகத்தில் போகச் சொல்கிறது. தண்ணீரின் ஆழம், பார்வை எட்டும் தூரம், சுற்றியிருக்கும் நெரிசல் எல்லாவற்றையும் பார்த்துத்தான் அந்த வேகத்தை முடிவு செய்ய வேண்டும். 2-ஆம் விதி இன்னும் ஒரு படி மேலே போய், கடலோடிகள் வழக்கமாக எடுக்கும் எச்சரிக்கையை எடுக்காமல் விட்டால் விதிப்புத்தகத்தைக் காட்டித் தப்ப முடியாது என்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை மோரிப்பில் ஆள் நிற்பார்கள் என்று தெரிந்தும் அந்த வேகத்தில் வந்தவருக்கு இந்த மூன்று விதியும் சங்கடம்தான்.

உங்களுக்குச் சங்கடமான விதியும் ஒன்று உண்டு. 9-ஆம் விதிப்படி, குறுகிய கால்வாயில் போகும் படகுக்கு மீன்பிடிப் படகுகூடக் குறுக்கே நிற்கக் கூடாது. வலை போட்ட படகுக்கே அந்தச் சலுகை இல்லை என்றால், கால்வாய் ஓரத்தில் தூண்டிலோடு நிற்கிற நமக்கு எங்கிருந்து வரும்? விதி நம்மைப் பற்றிப் பேசவில்லைதான். ஆனால் கரையோர வழக்கம் அதையேதான் பின்பற்றுகிறது. ஓடை போட்டுக்கு, திட்டு ஆளுக்கு. மோரிப், கெலானாங், பத்து லாவுட், கீழே பாகான் லாலாங் வரைக்கும் பழைய ஆட்கள் இப்படித்தான் நடந்துகொள்வார்கள். யாரும் எழுதி வைக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால் எது ஓடை, எது திட்டு என்பது நம் கடலில் மணிக்கு மணி மாறுகிறது. கிள்ளான் துறைமுகத்திலிருந்து நம் பக்கம் வரை, அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் உயர வித்தியாசம் நாலு மீட்டரை எட்டும். நின்ற இடத்தில் ஒரு தென்னங்கன்றே மூழ்கிப்போகிற உயரம். ஆறு மணி நேரத்தில் நாலு மீட்டர்தானே, மணிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் என்று நினைத்துவிடாதீர்கள். மாலுமிகளிடம் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றிலும் நாலிலும் மூன்று மூன்று, ஐந்தில் இரண்டு, ஆறில் ஒன்று. துல்லியமான கணக்கல்ல, ஆனால் ஏமாற்றாது. நாலு மீட்டர் ஏற்றத்தில் மூன்றாம் மணி நேரத்தில் மட்டும் ஒரு மீட்டர் ஏறும். முட்டியளவு தண்ணீரில் நின்று தூண்டில் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு மணி நேரம் கழித்து நெஞ்சைத் தொடும்போதுதான் குனிந்து பார்ப்பார். முதல் மணியில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருப்பதுதான் ஆளை ஏமாற்றுகிறது.

இப்போது உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்திய இடம். போட் உங்களுக்கு முன்னால் போகவில்லை, உங்களுக்கும் கரைக்கும் நடுவே போனது. சின்ன போட் இஞ்சினில் குட்டைத் தண்டு என்றால் பதினைந்து அங்குலம், நீளத் தண்டு என்றால் இருபது. அதற்குக் கீழேதான் விசிறி சுற்றுகிறது. இஞ்சினை முழுதாக இறக்கி வேகமாக ஓட, எனக்குத் தெரிந்த தெக்கோங் (போட் ஓட்டுபவர்) எவரும் தொடையளவு தண்ணீருக்குக் குறைந்து நம்ப மாட்டார். அந்த ஆள் உங்கள் முதுகுப் பக்கம் அவ்வளவு தைரியமாக ஓட்டினார் என்றால், அங்கே உங்கள் இடுப்பளவை விட ஆழம் இருந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். மணல்திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஓடை இருப்பது இந்தக் கடற்கரையில் சாதாரணம். மலாய்க்காரர்கள் அலூர் என்பார்கள். வற்றத்தில் அது கணுக்கால் அளவு வாய்க்கால் மாதிரிதான் கிடக்கும், பையன் குதித்துத் தாண்டுவான். ஏற்றம் தொடங்கியதும் முதலில் நிறைவது அதுதான். திட்டில் நிற்பவர் கண் கடல் பக்கம் இருக்கும், முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டு வரும். உங்களுக்கு இடுப்பளவு என்றால் பத்து வயதுப் பையனுக்கு நெஞ்சளவு. ஓடையில் அவன் தலை முழுகியிருக்கலாம். அந்த போட்டின் அலை உங்கள் மகனைத் தள்ளியது உண்மை. அதே போட்தான் நீங்கள் ஏற்கெனவே திரும்பியிருக்க வேண்டும் என்பதையும் காட்டிவிட்டுப் போயிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி, எனக்கும் ஒரு முறை இதே மாதிரி ஆகி, இறால் வாளியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நீந்திக் கரை சேர்ந்தவன் நான். மனைவியிடம் இன்றுவரை சொன்னதில்லை.

ஓடையில் ஆழம் மட்டுமல்ல, அடிமண்ணும் வேறு. மேலே பார்க்க மணல்தான், கீழே களிச்சேறு. 1945 செப்டம்பர் 9-ஆம் தேதி பிரிட்டிஷ் படை மோரிப்பில் கரையிறங்கியது. ஜப்பான் சரணடைந்து சில வாரம் ஆகியிருந்ததால் எதிர்ப்பு ஒன்றும் இல்லை, ஆனாலும் வண்டிகள் பல அந்த மண்ணில் புதைந்து நின்றன. இராணுவ லோரிக்கே அந்தக் கதி என்றால், அலை தள்ளும்போது ஒரு காலை உருவி இன்னொரு காலை ஊன்றும் பையனின் கதியை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

சரி, போட்காரர் பக்கம். அவரை நான் விடப்போவதில்லை. ஆனால் போட்டை ஓட்டாதவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. சின்ன போட் மெதுவாகப் போனால் அலை சிறிது. முழு வேகத்தில் மூக்கு இறங்கித் தண்ணீர் மேல் சறுக்கி ஓடும்போதும் அலை அவ்வளவு பெரிதில்லை. இரண்டுக்கும் நடுவே, மூக்கு வானத்தைப் பார்த்தபடி பின்பக்கம் அமுங்கி உழுதுகொண்டு போகும் அரை வேகம் இருக்கிறதே, அதுதான் ஆளைக் கவிழ்க்கும் அலையைக் கிளப்புகிறது. நல்ல மனதோடு, ஆளைப் பார்த்ததும் "பாவம்" என்று பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைக்கிற தெக்கோங், குறைக்காமல் போயிருந்தால் வந்திருக்கும் அலையை விடப் பெரிய அலையைக் கிளப்பிவிட்டுப் போவார். குறைப்பதென்றால் நூறு மீட்டருக்கு முன்பே, நடக்கிற வேகத்துக்குக் குறைக்க வேண்டும். ஆழம் குறைந்த இடத்துக்கு வர வர அலை இன்னும் செங்குத்தாக எழும்பும், கரைப்பக்கம் நிற்பவருக்கு அதுதான் அடி.

இன்னொன்றும் உண்டு. ஆழம் போதாத இடத்தில் வேகமாகச் சறுக்கி ஓடும் போட்டால் அங்கே நிற்க முடியாது. வேகம் குறைந்தால் பின்பக்கம் அமுங்கும், விசிறி தரையைத் தொடும். அதனால்தான் சிலர் ஆளைப் பார்த்தும் வேகத்தைக் குறைப்பதில்லை. திமிர் என்று நாம் நினைப்போம், பாதி நேரம் அது பயம். இதைச் சொல்வது அவருக்கு வக்காலத்து வாங்க அல்ல. நிறுத்த முடியாத இடத்துக்குள் ஆள் நடமாட்டம் இருக்கும்போது நுழைந்ததே அவர் செய்த முதல் தவறு. தண்ணீர் இன்னும் அரை மணி நேரம் ஏறட்டும் என்று வெளியே காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் இஞ்சினைத் தூக்கிக் கழியால் ஊன்றி வர வேண்டும்.

நான் அந்தத் தவற்றைச் செய்தவன்தான். தொண்ணூறுகளில் கூட்டாளி ஒருவரின் சம்பானை இரவல் வாங்கி, கெலானாங் பக்கம் அரை வேகத்தில் கரையை ஒட்டி வந்துகொண்டிருந்தேன். ஒரு சீனப் பெரியவர் தொடையளவு தண்ணீரில் தனியாக நின்றிருந்தார். அவருக்கு முன்னால், கொஞ்சம் தள்ளித்தான் போனேன் என்று நினைப்பு. அவர் கையைத் தூக்கினார், நான் வணக்கம் சொல்கிறார் என்று பதிலுக்குக் கையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துக் கியர் எண்ணெயை மாற்றலாம் என்று கீழே இருக்கும் திருகைத் திறந்தால், எண்ணெய் தே தாரேக் நிறத்தில் வழிகிறது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. விசிறியைக் கழற்றிப் பார்த்தேன். தண்டைச் சுற்றி நைலான் நூல், தேங்காய் நார் உருண்டை மாதிரி இறுகி, பாதி உருகி, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை அறுத்து உள்ளே ஏறியிருந்தது. கத்தி முனையால் கிள்ளிக் கிள்ளி எடுத்தேன். நடுவில் ஒரு ஈயக் குண்டு, ஒரு முள், முள்ளில் காய்ந்துபோன இறால் தலை. அந்த ஈயத்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு போனேன். அதே இடத்தில் நின்றிருந்தார். நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், சிரித்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அன்றைக்குத்தான் அவர் பக்கத்தில் நட்டிருந்த மூங்கிலைக் கவனித்தேன். ஆள் உயரம், நுனியில் சிவப்புத் துணி, இடையில் கணுவுக்குக் கணு பெயிண்ட் கோடு. எந்தக் கோட்டைத் தண்ணீர் தொட்டால் அவர் நடக்கத் தொடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். சிவப்புத் துணி நம்மைப் போன்ற ஆட்களுக்கு. தூரத்தில் அலைக்கு நடுவே மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுகூடத் தெரியாது. வெயில் எதிரே இருந்தால் அதுவும் தெரியாது. ஆடும் துணி தெரியும். அதன் பிறகு நான் அது இல்லாமல் தண்ணீரில் இறங்கியதில்லை.

எவ்வளவு தூரம் தள்ளிப் போக வேண்டும் என்பதில் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்வார்கள். இனி சொல்வது என் கணக்கு, விதி அல்ல. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். பழம் வெட்டுபவர் கழியைத் தூக்கி நிற்கும்போது மரத்தடியில் யாரும் போக மாட்டார்கள். மட்டை விழுந்து உருளும் தூரம் வரை அந்த இடம் அவருடையது. அவர் நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும். தூண்டில்காரரும் அப்படியே. அவர் வீசும் தூரம் அவருடைய இடம். மோரிப்பில் நீளத் தூண்டிலில் அப்போலோ என்கிற முள்-ஈயக் கோர்வையைக் கட்டி எழுபது எண்பது மீட்டர் வீசுகிறவர்கள் உண்டு. அதனால் முன்பக்கம் போவதென்றால் நூற்றைம்பது மீட்டருக்கு வெளியே போய்விடுவேன். இடம் இல்லையென்றால் பின்பக்கம் போவேன், ஆனால் இஞ்சினைப் பாதி தூக்கி, ஊர்ந்து, கையைக் காட்டி அவர் தலையாட்டிய பிறகு. அவர் நடந்துபோகிற திசையில் முன்கூட்டியே போய் நங்கூரம் போடுவது வேகமாகப் போவதைவிட மோசம் என்பது என் கட்சி. இதை ஒத்துக்கொள்ளாத போட்காரர்கள் இருக்கிறார்கள், "கடல் பெரிசு" என்பார்கள். இஞ்சின் சத்தத்தில் மீன் ஓடிவிடுகிறது என்று நம் ஆட்கள் போடும் சண்டையில் மட்டும் நான் சேர்வதில்லை. தெளிந்த ஆழமற்ற தண்ணீரில் மீன் மிரள்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நம் கலங்கல் தண்ணீரிலோ போட் போன பத்தாவது நிமிடம் கெளுத்தி கடித்ததும் உண்டு.

நிற்பவர் செய்ய வேண்டியதும் இருக்கிறது. போட் வருகிறதென்றால் பலர் பதறித் தூண்டிலைத் தூக்குவார்கள். தூக்கினால் நூல் மேலே நின்று நேராக இஞ்சினில் சிக்கும். நைலான் நூல் என்றால் நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி நூலைத் தளர்த்துங்கள், அமுங்கிவிடும். பின்னல் நூல் மிதக்கும், அதைச் சுருட்டி எடுத்துவிடுவதுதான் வழி. அலை வரும்போது நேராக முகம் கொடுத்து நிற்காமல் பக்கவாட்டில் திரும்பி, முட்டியை மடக்கி நில்லுங்கள். பையன் இருந்தால் அவனுக்குக் காற்றுச் சட்டை வேண்டாம், நுரை வைத்த உயிர்காப்புச் சட்டை வேண்டும், கணுக்கால் தண்ணீர் என்றாலும். நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்தால்தான் குத்தும், உரசினால் ஓடிவிடும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். செம்பிலாங் மீனின் முள் குத்தினாலும் அதேதான்.

இரவில் நிற்பவர்களுக்குத் தனியாக ஒன்று. போட்டின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. ஒன்று மட்டும் தெரிந்தால் அது குறுக்கே போகிறது. இரண்டும் ஒருசேரத் தெரிந்தால் நேராக உங்களை நோக்கி வருகிறது. மெதுவாகப் போகும் மிகச் சிறிய போட்டுக்கு ஒற்றை வெள்ளை விளக்கே போதும் என்று விதி விட்டுவிடுவதால், வெள்ளை விளக்கைப் பார்த்தால் எந்தத் திசையென்று ஊகிக்க முடியாது, கொஞ்சம் நேரம் பார்த்துத்தான் தெரியும். அப்புறம், தலை விளக்கைத் தெக்கோங் முகத்தில் அடிக்காதீர்கள். கண் மீண்டும் இருட்டுக்குப் பழக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவரை அவர் குருடர். உங்கள் சட்டை மேல், தூண்டில் தடி மேல் வெளிச்சத்தைக் காட்டினால் போதும், ஒரு ஆள் நிற்கிறார் என்று புரிந்துகொள்வார்.

தூண்டில்காரர்களுக்குள் நடப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நீண்ட விடுமுறையில் சண்டை அங்கேயும்தான் வருகிறது. ஏற்கெனவே நிற்பவருக்குப் பின்னால் நடந்து போங்கள், கேட்டுவிட்டு நில்லுங்கள், அவ்வளவுதான். கெராகாவ் இறாலுக்கு வலை தள்ளிக்கொண்டு வரும் மலாய் பெரியவர்களுக்கு மட்டும் நான் கேள்வி கேட்காமல் நூலைச் சுருட்டிக்கொள்வேன். நமக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு, அவருக்கு அன்றைய அரிசி. வலை போட்டவருக்கும் அப்படியே. இது என் சொந்த அபிப்பிராயம், நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இப்போது அந்த இரண்டு கம்புகள். மீனவர்கள் ஓடையின் ஓரத்தைக் காட்டக் கம்பு நட்டு, தூரத்திலிருந்து தெரிய பை, போத்தல், கிழிந்த சட்டை எதையாவது கட்டி வைப்பது இந்தக் கரையோரம் முழுக்க இருக்கிற பழக்கம். வலையின் அடையாளமாகவும் இருக்கலாம்தான். ஆனால் போட் நீங்கள் சொன்ன இடத்தில், அந்தக் கம்புகளை ஒட்டிப் போயிருக்கிறது என்பதால், அது வழிக்கம்புதான் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆக "இது போட் போகிற வழி" என்று அவர் சொன்னது பொய்யாக இருக்க முடியாது. நீங்கள் முதலில் வந்தபோது அது வழியாக இல்லை, வெறும் ஈர மணல். அதுவும் பொய்யில்லை. ஒரு பக்கத்துக் கதையை மட்டும் கேட்டு நான் தீர்ப்புச் சொல்வதாக நினைக்க வேண்டாம், ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன்: வழி அவருடையது, வேகம் அவருடைய குற்றம். ஆள் நிற்பது தெரிந்தால் அந்த ஓடையில் ஊர்ந்து போயிருக்க வேண்டும். பையன் விழுந்தது தெரிந்தும் நிறுத்தாமல் கத்திவிட்டுப் போனதற்கு எந்தக் கடற்கரையிலும் மன்னிப்பு கிடையாது. தண்ணீரில் ஒருவர் தவிப்பதைப் பார்த்தால் திட்டுவதெல்லாம் அப்புறம், முதலில் போட்டைத் திருப்ப வேண்டும். யாராவது நிஜமாகவே அடித்துச் செல்லப்பட்டால் 999 அழைத்துக் கடலில் என்று முதலில் சொல்லுங்கள், கடல்சார் அமலாக்கத்துக்கு அங்கிருந்து செய்தி போகும்.

அவரைப் பார்த்துப் பேச வேண்டும் என்று தோன்றினால் கடலில் வேண்டாம், கோபத்தோடும் வேண்டாம். போட்டின் நிறமும் இஞ்சினும் ஞாபகம் இருந்தால் படகுத்துறைப் பக்கம் ஒட்டுக்கடையில் சாயங்காலம் உட்கார்ந்தால் போதும், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். "பாங் (அண்ணே), அன்றைக்கு விழுந்தது என் பையன்" என்று ஆரம்பித்துப் பாருங்கள். நான் பார்த்தவரை பாதிப் பேர் தலையைக் குனிந்துவிடுவார்கள். மீதிப் பாதியிடம் என்ன சொன்னாலும் ஒன்றுதான், தே தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வாருங்கள்.

பையன் இனிமேல் கடலுக்கே வரமாட்டேன் என்கிறான் என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். உடனே கூட்டிப் போக வேண்டாம். மாசி மகம் மாதிரி பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நிச்சயம் வேண்டாம், தண்ணீர் கண்டபடி ஏறும். அஷ்டமி நவமி வாக்கில் பாருங்கள். நல்ல காரியம் எதுவும் தொடங்கக் கூடாதென்று நம் வீட்டில் ஒதுக்கிவைக்கும் நாட்கள்தான், ஆனால் கடல் அப்போதுதான் சாதுவாக இருக்கும். வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் பெரிய வித்தியாசம் இராது. கூட்டமில்லாத காலையாகப் பார்த்து, ஓடையைத் தாண்டாமல், கரையோரக் கணுக்கால் தண்ணீரிலேயே நில்லுங்கள். போகும்போது ஒரு மூங்கிலும் சிவப்புத் துணியும் வாங்கிக்கொள்ளுங்கள். கோட்டை அவனையே போடச் சொல்லுங்கள், நடுவதையும் அவனே நடட்டும். எந்தக் கோட்டில் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்பதை அன்றைக்கு அவன் சொல்லட்டும், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் நீங்கள் நூலைச் சுருட்டிவிட்டு அவன் பின்னால் நடங்கள்.